பேக்கில் நின்றவர்கள்

தென் லண்டனின் ஸ்ட்ரெதம் ஹை ரோட்டில் பேயர்ன் மியூனிக்கின் சிவப்புச் சட்டையோடு ஒரு சிறுவன் நடந்துபோனால் இன்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. முதுகில் கேன் என்றோ ஒலிசே என்றோ முசியாலா என்றோ எழுதியிருக்கும். மூவரும் சிறுவயதில் லண்டனில் பந்து உதைத்தவர்கள். ஜமால் முசியாலா படித்த விட்கிஃப்ட் பாடசாலை குரொய்டனில் இருக்கிறது. ஹை ரோட்டில் 109 பஸ் ஏறினால் குரொய்டன் போய்ச் சேரலாம். மைக்கல் ஒலிசே 2021 முதல் 2024 வரை கிறிஸ்டல் பலஸ் அணிக்கு ஆடிய செல்ஹர்ஸ்ட் பார்க் மைதானத்துக்கு, காலில் பலம் உள்ளவர்கள் ஸ்ட்ரெதம் கொமனிலிருந்து நடந்தே போகலாம். நான் இங்கு வந்து சேர்ந்த தொண்ணூறுகளில் ஜேர்மன் கழகமொன்றின் சட்டையைப் போட்டுக்கொண்டு ஒருவர் இந்தத் தெருவில் திரிந்திருந்தால், வழி தவறிய சுற்றுலாப் பயணி என்றுதான் நினைத்திருப்பார்கள்.

சட்டைகளில் இருக்கும் பெயர்கள் எல்லாம் கோல் அடிப்பவர்களுடையவை. ஜேர்மன் உதைபந்தாட்டம் பற்றி என் தலைமுறைக்கு இருக்கும் நினைவுகளோ பெரும்பாலும் பின்னால் நின்றவர்களைச் சேர்ந்தவை. வெள்ளைக் கோட்டின் ஓரமாக, எதிரணியின் விங்குக்கு முகம் கொடுத்து, ஆட்டம் முழுக்க ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்த பேக்குகள். ஐம்பது வருடங்களில் அந்த இடம் அடைந்த மாற்றத்தை ஒரே கழகத்தை வைத்துச் சொல்ல வேண்டுமானால் அதற்குப் பேயர்ன் மியூனிக்கைவிடப் பொருத்தமானது இல்லை. ஒரே ஆளை வைத்துச் சொல்ல வேண்டுமானால், அவர் பிலிப் லாம்.

யாழ்ப்பாணத்தில் உதைபந்தாட்டம் ஊர்ப்பெயரோடு ஒட்டியது. குருநகர் பாடும்மீன், நாவாந்துறை சென் மேரிஸ், இளவாலை யங் ஹென்றீசியன்ஸ் என்று கழகத்தின் பெயரைச் சொன்னால் ஊரும் கூடவே வரும். பெரிய மைதானங்களில் நடந்தது வேறு. ஒழுங்கையில் ஆடிய பிள்ளைகளிடம் இடம் பிரிப்பது மிக எளிது. கெட்டிக்காரன் முன்னுக்கு. பந்தின் சொந்தக்காரன் அவன் விரும்பிய இடத்தில். ஓட முடியாதவன் கோலுக்குள். மிஞ்சியவன் பேக். "நீ பேக்கிலை நில்லடா" என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் விளக்கம் இல்லை. பந்து வந்தால் ஓங்கி அடிக்க வேண்டும். அது வேலிக்கு மேலால் போய் அடுத்த வளவுக்குள் விழுந்தாலும் நல்லதே.

இங்கிலாந்திலும் கதை பெரிதாக வேறுபட்டதல்ல. ஆட்டம் ஒழுங்குக்கு வந்த காலத்தில் கோல்காப்பாளருக்கு முன்னால் இருவர், அவர்களுக்கு முன்னால் மூவர், முன்வரிசையில் ஐவர் என்று நின்றார்கள். பின்னால் நின்ற அந்த இருவரும்தான் ஃபுல் பேக். 1925 இல் ஓஃப்சைட் விதி மாறியபோது நடுவில் இன்னொருவரை இறக்க வேண்டி வந்தது. பழைய இருவரும் ஓரங்களுக்குத் தள்ளப்பட்டார்கள். அதன்பின் பல பத்தாண்டுகள் அவர்களுக்கு ஒரே வேலை: எதிரே வரும் விங்கை மறிப்பது. நடுக்கோட்டைத் தாண்டிப் போன பேக்கைப் பார்த்துப் பயிற்சியாளர் பெருமைப்படவில்லை, பயந்தார். பிரேசில்காரரும் இத்தாலியில் ஃபக்கெற்றியும் வேறு வழி காட்டிய பிறகும் அந்தப் பயம் மெதுவாகத்தான் விலகியது.

1974 ஜூலை 7, மியூனிக் ஒலிம்பிக் மைதானம். உலகக் கிண்ண இறுதியாட்டம் தொடங்கி இரண்டு நிமிடம் ஆகவில்லை; மேற்கு ஜேர்மனியின் காலில் பந்து படும் முன்பே நெதர்லாந்து தண்ட உதையில் ஒரு கோல் போட்டுவிட்டது. 25 ஆவது நிமிடத்தில் ஜேர்மனிக்கும் ஒரு தண்ட உதை கிடைத்தது. பந்தை எடுத்து வைத்தவர் 22 வயது லெஃப்ட் பேக், பவுல் பிரைட்னர். சுருட்டை முடி காதுகளை மூடி வளர்ந்திருக்க, அவசரமே இல்லாமல் ஓடிவந்து அடித்தார். 43 ஆவது நிமிடத்தில் கெர்ட் முல்லர் அடுத்ததைப் போட, கிண்ணம் ஜேர்மனிக்கு. பேக் என்பவன் மிஞ்சியவன் என்று நினைத்திருந்த பலரை அந்தக் காட்சி குழப்பியிருக்க வேண்டும். அதே போட்டித் தொடரில் சிலிக்கு எதிராகத் தூரத்திலிருந்து அவர் அடித்த கோலும் பேக் அடிக்கிற கோல் அல்ல.

அந்த நாட்களின் பேயர்ன் அணியை ஒரு சின்ன வரைபடத்துக்குள் அடக்கிவிடலாம். பெக்கன்பவரும் ஷ்வார்ட்சன்பெக்கும் மியூனிக் நகரத்துப் பிள்ளைகள். முல்லர் நோர்ட்லிங்கன் ஊர். பிரைட்னர் பிறந்த கோல்பர்மோர் ரயிலில் போனால் பக்கம். ஊலி ஹூனஸின் ஊல்ம் மாநில எல்லைக்கு அந்தப் பக்கம், அவ்வளவுதான். ஐரோப்பியக் கிண்ணத்தை 1974, 75, 76 என்று தொடர்ந்து மூன்று முறை வென்ற அணி ஏறக்குறைய ஓர் ஊர்க் கழகம். குருநகரிலும் இளவாலையிலும் ஆடியவர்களுக்கு இது எளிதில் விளங்கும் ஒழுங்கு.

ஆனால் பழைய காலத்தில் எல்லோரும் ஒரே இடத்தில் நின்றார்கள் என்று சொல்வதும் பொய். பிரைட்னர் அந்தக் கோடையிலேயே ரியல் மட்ரிட்டுக்குப் போனார். பிறகு பிரவுன்ஷ்வைக்கில் ஒரு பருவம் ஆடி 1978 இல் பேயர்னுக்குத் திரும்பினார். திரும்பியவர் லெஃப்ட் பேக்கில் நிற்கவில்லை, நடுக்களத்தில் நின்று அணியை ஆட்டுவித்தார். கெட்டிக்காரப் பேக் ஒருவன் அகப்பட்டால் அவனை அங்கிருந்து எடுத்து வேறிடத்தில் போடுவதுதான் அன்றைய வழக்கம். அந்த இடத்துக்கு இவ்வளவு மூளை அதிகம் என்று நினைத்தார்கள்.

1990 இல் அந்த எண்ணத்தை ஆட்டியவர் அந்திரியாஸ் பிரேமே. இங்கிலாந்துக்காரருக்கு அந்த வருட அரையிறுதி இன்னும் ஆறாத புண். அதன் கணக்கைப் பார்த்தால் மூன்று பேக்குகளின் கதையாக இருக்கிறது. பிரேமே அடித்த ஃப்ரீ கிக், இங்கிலாந்தின் பேக் போல் பார்க்கரில் பட்டு உயர்ந்து, பீற்றர் ஷில்ற்றனின் தலைக்கு மேலால் உள்ளே விழுந்தது. ஆட்டம் தண்ட உதைகளுக்குப் போனபோது முதலில் தவறவிட்டவர் இங்கிலாந்தின் லெஃப்ட் பேக் ஸ்ருவர்ட் பியர்ஸ். நான்கு நாள் கழித்து, ஜூலை 8, ரோமில் ஆர்ஜென்ரீனாவுக்கு எதிரான இறுதியாட்டத்தின் 85 ஆவது நிமிடத்தில் ஒரே கோல். அதுவும் பிரேமேயின் தண்ட உதை. லெஃப்ட் பேக்கில் ஆடிய மனிதர் அதை வலது காலால் அடித்தார். இரண்டு கால்களும் ஒன்றுபோல் பழகியவர்.

அந்தக் கோலை நாங்கள் பார்க்கவில்லை, கேட்டோம். ஜூனில் போர் திரும்பத் தொடங்கி யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றுவிட்டது. பற்றரி கிடைப்பது அரிது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவிலிருந்து இழுத்த வயரில் வானொலி பேசும். சுற்றும் கை களைத்தால் குரல் இழுபட்டுத் தேயும். உலகக் கிண்ணச் செய்தி எங்களுக்கு அப்படித்தான் வந்தது. இன்று அதே கோலைக் கைப்பேசியில் ஏழெட்டுக் கோணங்களில் பார்க்கிறேன். தண்ட உதைதானே, ஒரு கோணமே போதும்.

பிரேமே இரண்டு பருவங்கள் பேயர்னில் ஆடியவர்தான், 1987 இல் அங்கே லீக் பட்டமும் வென்றார். என்றாலும் அவர் பெயரோடு சேர்ந்து நினைவில் நிற்பது கைசர்ஸ்லவுட்டன் கழகம். 1996 மே மாதம் அந்தக் கழகம் இரண்டாம் பிரிவுக்குத் தள்ளப்பட்டது. உலகக் கிண்ணத்தை முடிவு செய்த மனிதர், 35 வயதில், எதிரணியில் நின்ற நண்பர் றூடி ஃபெல்லரின் தோளில் முகம் புதைத்து அழுதார். பிறகு விலகிப் போகாமல் இரண்டாம் பிரிவிலேயே ஆடினார். கழகம் அடுத்த வருடமே மேலே வந்தது. வந்த கையோடு 1998 இல் லீக் பட்டத்தையே வென்றது. பிரேமே அத்தோடு ஓய்வு பெற்றார். 2024 பெப்ரவரியில் மியூனிக்கில் இறந்தபோது ஜேர்மனியத் தொலைக்காட்சிகள் ரோம் தண்ட உதையையும் அந்த அழுகையையும் சேர்த்தே காட்டின.

1983 க்குப் பிறகு ஊரைவிட்டு வெளிக்கிட்டவர்களில் கணிசமானோர் கிழக்கு பெர்லின் வழியாக மேற்கு ஜேர்மனிக்குள் போனவர்கள். ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருவர் ஜேர்மனியில், ஒருவர் பிரான்சில், ஒருவர் லண்டனில் என்று பிரிந்த காலம். ஆகவே லண்டன் தமிழருக்கு ஜேர்மன் உதைபந்தாட்டம் முதலில் தொலைபேசி வழியாகத்தான் வந்தது. ரூட்டிங் கடைகளில் ஃபோன் கார்ட் வாங்கி, மேலே உள்ள வெள்ளிப் பூச்சைச் சுரண்டி, நீளமான இலக்கத்தை அழுத்தி, மியூனிக்கில் இருந்த என் மச்சானோடு பேசினால் அரைவாசி நேரம் பேயர்ன்தான். இங்கே தொலைக்காட்சியில் ஜேர்மன் லீக் ஆட்டங்களைக் காண்பதே அபூர்வம். சீஃபாக்ஸ் பக்கத்தில் முடிவு மட்டும் எழுத்தில் ஓடும். யார் எப்படி ஆடினார் என்பதை மச்சான் சொன்னால்தான் தெரியும். அப்படிக் காதால் தெரிந்துகொண்ட ஆட்டக்காரன் பிலிப் லாம்.

"அவன் இங்கத்தையப் பெடியனடா" என்றுதான் மச்சான் தொடங்குவான். லாம் 1983 நவம்பர் 11 இல் மியூனிக்கில் பிறந்தவர். கெர்ன் பகுதியில் இருந்த சிறிய கழகம் ஒன்றில் ஆடத் தொடங்கி, 11 வயதில் பேயர்னின் இளையோர் பிரிவுக்கு வந்தார். 2002 நவம்பரில் முதலணிக்கு முதல் ஆட்டம். உயரம் 170 சென்ரிமீற்றர். பேயர்னில் அப்போது வலது பக்கம் சன்யோல், இடது பக்கம் லிசராசு. இரண்டு பிரெஞ்சுக்காரரும் அசையாமல் நின்றதால் இடம் கிடைக்கவில்லை. 2003 இல் ஸ்ருட்கார்ட் கழகத்துக்கு இரண்டு பருவங்கள் கடனாக அனுப்பினார்கள். வலது காலால் ஆடும் அவரை அங்கே இடது பக்கத்தில் நிறுத்தினார்கள். அந்தத் தற்செயல்தான் பிற்பாடு உலகம் அறிந்த லாமை உருவாக்கியது என்பேன்.

2006 ஜூன் 9 ஆட்டத்தைப் பாருங்கள். உலகக் கிண்ணத்தின் முதல் ஆட்டம், சொந்த ஊர், எதிரணி கொஸ்ரா ரிக்கா. சில கிழமைகளுக்கு முன் முழங்கையில் அறுவைச் சிகிச்சை நடந்ததால் இடது கையில் தடித்த உறை. ஆறாவது நிமிடத்தில் இடது ஓரத்தில் பந்து கிடைக்கிறது. கோட்டோடு ஓடிக் குறுக்கே தூக்கிப் போடுவதுதான் லெஃப்ட் பேக்கின் பாடம். அவர் உள்ளே வெட்டுகிறார், ஒரு ஆளைக் கழிக்கிறார், வலது காலால் பந்தை வளைத்து அனுப்புகிறார். பந்து தூரக் கம்பத்தின் மேல்மூலையில் உள்பக்கமாகப் பட்டு வலைக்குள் போகிறது. அந்தப் போட்டித் தொடரின் முதல் கோலே ஒரு பேக்கின் கோல்.

அந்தக் கோல் எல்லோருக்கும் தெரியும். மச்சான் தொலைபேசியில் சொன்னது வேறு. "நேற்று லாம் ஒருக்காக்கூட விழுந்து மறிக்கேல்லை, பாத்தனியே? நிண்டபடி கால நீட்டி எடுக்கிறான்." அதுதான் அவருடைய தொழில். பழைய பேக்குகள் சறுக்கி விழுந்து, ஆளையும் பந்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போவார்கள். உடுப்பில் புல்லும் சேறும் ஏறாமல் வெளியே வந்த பேக் உழைக்கவில்லை என்று பார்வையாளர் நினைத்த காலம் இருந்தது. லாம் எதிராளி எங்கே திரும்பப் போகிறான் என்பதை முன்கூட்டியே பார்த்து, அந்த இடத்தில் போய் நிற்பார். பந்து தானாக அவர் காலுக்கு வந்ததுபோல் இருக்கும். தொழில்முறை ஆட்ட வாழ்க்கை முழுவதிலும் ஒரு சிவப்பு அட்டைகூட வாங்கவில்லை. மறிப்பதே வேலையான ஒருவருக்கு இது நம்பக் கடினமான கணக்கு.

அவரை ஒரு புனிதராக்கத் தேவையில்லை. 2009 இல் கழகத்தின் போக்கைக் குறைகூறிப் பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்தார்; எந்த ஆட்டக்காரரை வாங்குகிறோம், எப்படி ஆடப்போகிறோம் என்பதில் திட்டமே இல்லை என்றார். கழகம் அவருக்குப் பெரும் அபராதம் போட்டது. அதே ஆளை 2011 இல் அணித் தலைவராக்கியது. சொந்த ஊர்ப் பிள்ளைக்கும் ஊர்க் கழகத்துக்கும் நடக்கிற சண்டை இப்படித்தான் இருக்கும். வெளியிலிருந்து வாங்கிய ஒருவர் அதையே சொல்லியிருந்தால் அடுத்த கோடையில் விற்றிருப்பார்கள்.

2012 மே 19 இல் சம்பியன்ஸ் லீக் இறுதியாட்டம் மியூனிக்கிலேயே நடந்தது. செல்சி வென்றது. தண்ட உதைகளில் பேயர்னின் முதல் உதையை அடித்து உள்ளே போட்ட லாம், சொந்த மைதானத்தில் லண்டன்காரர் கிண்ணம் தூக்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்த வருடம் மே 25, வெம்பிளி. டோர்ட்முண்டுக்கு எதிராக 89 ஆவது நிமிடத்தில் பேயர்னின் விங் றொபனின் கோல். லண்டனில் வைத்துக் கிண்ணத்தைத் தூக்கியவர் லாம். ஜேர்மனியிலிருந்து சொந்தக்காரர்களும் சிநேகிதர்களும் வந்து ஸ்ட்ரெதம், ரூட்டிங், மிச்சம் வீடுகளில் பாய் போட்டுப் படுத்த வார இறுதி அது. ரிக்கெற் இல்லாமல் வந்தவர்கள்தான் கூட.

அந்தக் கோடையில் பெப் கார்டியோலா பயிற்சியாளராக வந்து லாமை நடுக்களத்துக்கு எடுத்தார். கெட்டிக்காரப் பேக்கை உள்ளே இழுக்கும் அந்தப் பழைய வழக்கம் பிரைட்னர் காலத்திலேயே இருந்ததுதான். ஆனால் கார்டியோலா இன்னொன்றும் செய்தார். பந்து தம்மிடம் இருக்கும்போது பேக்கை ஓரத்தால் முன்னே ஓடவிடாமல் நடுக்களத்துக்குள் வரச் செய்தார். பந்து போனதும் அவர் பழைய இடத்துக்கு ஓட வேண்டும். ஓர் ஆளுக்கு இரண்டு இடம். இன்று இங்கிலாந்தின் பெரிய அணிகள் பலவும் ஆடுவது அந்த முறையைத்தான். 2014 உலகக் கிண்ணத்தில் ஜேர்மனி முதல் நான்கு ஆட்டங்களில் லாமை நடுக்களத்தில் வைத்து ஆடியது. கால் இறுதியில் அவரை ரைட் பேக்குக்குத் திருப்பியது. அதன்பின் பிரான்ஸ், 7-1 என்று பிரேசில், இறுதியில் ஆர்ஜென்ரீனா. கிண்ணம் வாங்கிய ஐந்தாம் நாள், 30 வயதில், 113 ஆட்டங்களோடு நாட்டணியிலிருந்து விலகினார். 2017 இல், ஒப்பந்தத்தில் இன்னும் ஒரு வருடம் இருக்கையில், கழக ஆட்டத்தையும் விட்டார். பேயர்னுக்கு 517 ஆட்டங்கள், 8 லீக் பட்டங்கள்.

அவர் போன பிறகு அந்த இடத்துக்கு என்ன நடந்தது என்பதுதான் எனக்குச் சுவையான பகுதி. வலது பக்கத்தில் முதலில் நின்றவர் ஜோஷுவா கிமிக், நடுக்களத்துக்காரர். பிறகு அவரும் நடுக்களத்துக்குத் திரும்பினார். இப்போது அடிக்கடி நிற்கும் கொன்ராட் லைமர் ஒஸ்ரியாக்காரர், அவரும் நடுக்களத்தில் வளர்ந்தவர். தேவைக்கு வலது பக்கமும் நிற்பார், இடது பக்கமும் நிற்பார். மியூனிக்கில் பிறந்த ஸ்ரனிசிச் ஒருவர் இருக்கிறார், அவரையும் நடுப் பாதுகாப்புக்கு மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். அன்று பேக்கில் கெட்டிக்காரன் அகப்பட்டால் நடுவுக்கு எடுத்தார்கள். இன்று நடுவில் உள்ள கெட்டிக்காரனை பேக்குக்குக் கொண்டுவருகிறார்கள். இடத்தின் மதிப்பு தலைகீழாகிவிட்டது. ஆனால் அந்த இடத்தையே தன் வாழ்நாள் தொழிலாகக் கற்ற ஆள் குறைந்துகொண்டு போகிறார். லாமைப்போல் நின்றபடி பந்தை எடுக்கும் கலை யாரிடமும் முழுதாக இல்லை. இது என் தீர்ப்பு. மச்சான் ஒத்துக்கொள்ள மாட்டான்.

இடது பக்கத்தில் அல்ஃபோன்சோ டேவிஸ். 2000 நவம்பர் 2 இல் கானா நாட்டின் புடுபுரம் அகதி முகாமில் பிறந்தவர். லைபீரியப் போரிலிருந்து தப்பி ஓடிய பெற்றோர். ஐந்து வயதில் குடும்பம் கனடாவுக்குப் போனது. வன்கூவர் கழகத்தில் விங்காக ஆடியவர் 2019 ஜனவரியில் பேயர்னுக்கு வந்தார். அணியில் பேக்குகள் காயப்பட்ட ஒரு நேரத்தில் பின்னால் நிறுத்தினார்கள், அங்கேயே நிலைத்துவிட்டார். 2020 இல் ஓர் ஆட்டத்தில் அவருடைய ஓட்டத்தை மணிக்கு 36.51 கிலோமீற்றர் என்று அளந்தார்கள். பிரைட்னர் காலத்தில் பேக்கின் வேகத்தை அளக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியிராது.

2020 ஆகஸ்ட் 14, லிஸ்பன், கொவிட் காலத்து வெற்று மைதானம், பார்சிலோனாவுக்கு எதிராக 8-2 என்று முடிந்த ஆட்டம். 63 ஆவது நிமிடத்தில் டேவிஸ் இடது ஓரத்தில் பந்தை வாங்கினார். எதிரே நெல்சன் செமெடோ, அவரும் ஒரு பேக். டேவிஸ் நின்றார், காலை அசைத்தார், திடீரென்று வெடித்துக் கிளம்பினார். செமெடோ திரும்புவதற்குள் கோல் கோட்டோடு உள்ளே போய்ப் பந்தைப் பின்னுக்குத் தள்ளினார். அதை வலைக்குள் போட்டவர் அன்றைக்கு ரைட் பேக்கில் ஆடிய கிமிக். இடது பக்கப் பேக் கொடுக்க வலது பக்கப் பேக் அடித்த கோல். முன்வரிசையில் ஐவரை நிறுத்தி ஆடிய காலத்து மனிதர் யாராவது எழுந்து வந்து பார்த்தால் இரண்டு பேருமே இடம் மாறி நிற்கிறார்கள் என்று விசில் அடிக்கச் சொல்வார்.

கெர்ன் பகுதிப் பிள்ளை நின்ற கழகத்தில் அகதி முகாமில் பிறந்த பிள்ளை நிற்பதை ஊர்க் கழகத்தின் முடிவு என்று சிலர் துக்கப்படுகிறார்கள். அந்தத் துக்கத்தில் பாதி எனக்கும் உண்டு. ஊரே திரண்டு தன் பிள்ளையைப் பார்க்கும் சுகம் வேறு. ஆனால் பேயர்னின் பழைய ஏட்டைத் திருப்பினால் கேர்ட் லண்டவர் என்ற பெயர் வரும். 1932 இல் கழகம் முதல் ஜேர்மன் பட்டம் வென்றபோது தலைவராக இருந்தவர், யூதர். 1938 இல் டகாவ் முகாமில் அடைக்கப்பட்டு, அடுத்த வருடம் சுவிற்சலாந்துக்குத் தப்பினார். 1947 இல் திரும்பி வந்து மறுபடி அதே கழகத்துக்குத் தலைவரானார். அகதியாகப் போனவரை மறுபடி தலைவராக்கிய கழகத்தில் அகதியாகப் பிறந்தவர் ஆடுவது முறைதான். ஓடிவந்து ஒரு தேசத்தில் நின்று பிடித்த எங்கள் ஆட்கள் டேவிஸின் சட்டையை வாங்கும்போது இந்தக் கணக்கும் மனதுக்குள் ஓடும்.

தென் லண்டனும் இந்த மாற்றத்துக்கு வெளியே இல்லை. குரொய்டனில் பிறந்த ஆரோன் வான்-பிசாகா பலஸின் இளையோர் அணியில் விங்காக வளர்ந்தவர். பயிற்சியில் முதலணியின் விங் வில்ஃபிரட் ஸாஹாவை மறிக்க விட்டுப் பார்த்தார்கள். ஸாஹா திணறியதும் ரைட் பேக் ஆக்கினார்கள். முதலணிக்கு வந்து இரண்டு வருடம் ஆகுமுன், 2019 இல், 4 கோடியே 50 லட்சம் பவுணுக்கு மான்செஸ்ரர் யுனைற்றட் வாங்கியது. 2025 மே 17 இல் பலஸ் தன் வரலாற்றில் முதல் தடவையாக எஃப்.ஏ. கிண்ணம் வென்றபோது, எபெரெச்சி எஸே அடித்த ஒரே கோலுக்குப் பந்தைக் குறுக்கே அனுப்பியவர் வலது ஓரத்து டேனியல் முன்யோஸ். அன்றிரவு ஹை ரோட்டிலும் கார்கள் ஹோர்ன் அடித்துக்கொண்டு போயின. பெரும்பாலோர் எஸேயின் பெயரைத்தான் பாடினார்கள். அதில் மட்டும் காலம் மாறவில்லை.

பார்க்கும் முறையும் மாறிவிட்டது. 2025-26 பருவத்தில் ஜேர்மன் லீக்கின் வெள்ளிக்கிழமை ஆட்டங்கள் சிலவற்றை இங்கே யூரியூப்பில் காசில்லாமலே பார்க்க முடிந்தது. ஃபோன் கார்ட் விற்ற கடைகளில் இப்போது அது இல்லை; மச்சானும் நானும் கைப்பேசியில் முகம் பார்த்தே பேசுகிறோம், ஆனால் ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல அவனிடம் ஒன்றும் மிச்சமில்லை, இருவரும் ஒரே நேரத்தில் பார்த்துவிடுகிறோமே. லாமின் ஆட்டத்தை அவன் சொல்லக் கேட்டு நான் மனதில் கட்டிய உருவம், பிறகு திரையில் பார்த்த உருவத்தைவிடக் கொஞ்சம் உயரமாக இருந்தது.

ஜேர்மனியில் ஒன்றை விடாமல் வைத்திருக்கிறார்கள், அதையும் சொல்ல வேண்டும். பேயர்னின் ஆட்ட நிறுவனத்தில் 75 வீதம் உறுப்பினர் சங்கத்துக்குச் சொந்தம். மீதி அடிடாஸ், அவுடி, அலியான்ஸ் மூன்றுக்கும் சமபங்கு. கோலுக்குப் பின்னால் நின்று பார்க்கும் பருவச் சீட்டைக் கணக்குப் பார்த்தால் ஓர் ஆட்டத்துக்கு 10 யூரோ அளவில்தான் வரும். 75,000 பேர் கொள்ளும் அலியான்ஸ் அரீனா 2005 இல் திறந்ததிலிருந்து ஆடுபவர்கள் உலகத்தவர் ஆகிவிட்டார்கள், பார்ப்பவர்கள் இன்னும் ஊரவர். இங்கே பெரிய கழகங்கள் பல அமெரிக்கருக்கும் அரபு நாட்டவருக்கும் சொந்தம். சின்ன மைதானமான செல்ஹர்ஸ்ட் பார்க்கில்கூட ஒரு தகப்பனும் இரண்டு பிள்ளைகளும் போய் வருவதென்றால் யோசிக்க வேண்டும்.

சனி, ஞாயிறு காலைகளில் ஸ்ட்ரெதம் கொமனிலும் ரூட்டிங் பெக் கொமனிலும் சின்னப் பிள்ளைகளின் பயிற்சி நடக்கும். தமிழ்ப் பாடசாலைக்கு நேரமாகிறது என்று கடிகாரம் பார்க்கும் அம்மாக்களும் அங்கே உண்டு. எட்டு வயதுப் பிள்ளைகள் ஐந்து பேராக, பத்து வயதில் ஏழு பேராக ஆடுகிறார்கள். பதினொரு பேர் ஆட்டம் பிறகுதான். பயிற்சியாளர் ஒவ்வொரு கிழமையும் இடத்தை மாற்றிவிடுகிறார். யாரும் நிரந்தர பேக் இல்லை, யாரும் மிஞ்சியவனும் இல்லை. வேல்ஸில் பிறந்த விமல் யோகநாதன் 2023 இல் பார்ன்ஸ்லி கழகத்தின் முதலணிக்கு ஆடிய பிறகு, தமிழ்ப் பெற்றோர் கோட்டோரம் நிற்கும் தோரணையே மாறிவிட்டது. அவர் நடுக்களத்துக்காரர். பேக்கில் ஒரு தமிழ்ப் பிள்ளை வருவதற்கு நான் காத்திருக்கிறேன், விங்கில் தொடங்கினாலும் பரவாயில்லை.

ஒரே கழகத்தில் ஒரு வாழ்நாள் என்பது லாமோடு முடிந்தது என்று கொஞ்சக் காலம் நானும் சொல்லித் திரிந்தேன், பலரும் சொன்னார்கள். 2025 பெப்ரவரியில் ரியல் மட்ரிட் போகிறார் என்று எல்லாப் பத்திரிகைகளும் எழுதிக்கொண்டிருந்தபோது டேவிஸ் பேயர்னோடு புதிய ஒப்பந்தம் எழுதினார். அடுத்த மாதமே கனடாவுக்கு ஆடும்போது முழங்கால் தசைநார் கிழிந்தது. 2005 இல் லாமுக்கும் அதே காயம்தான். அந்த ஒப்பந்தம் 2030 வரை. அதை முடித்தால் டேவிஸ் மியூனிக்கில் இருந்த காலம் பதினொரு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கும், வயது 29.